அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால்: கடலூர், புதுச்சேரிப் பக்கக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பயாப்சி (கட்டியிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) ரிப்போர்ட் கைக்கு வந்த அன்று நான் செய்த முதல் வேலை, அதை மடித்துக் கைப்பையின் அடியில் ஒளித்து வைத்ததுதான். மஞ்சக்குப்பத்தில் லேபுக்கு வெளியே நின்று, சென்னையில் இருக்கும் அண்ணனுக்குப் போன் செய்தேன். "இப்பச் சொல்ல வேணாம், அம்மா தாங்காது" என்றான். நானும் சரி என்றேன். வீட்டில் "நீர்க்கட்டிதாம்மா, பெரிய டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிட்டு வந்துடுவோம்" என்று சொல்லி வைத்தோம்.

எட்டாவது நாள் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் வரிசையில் நின்றபோது, தலைக்கு மேலே இருந்த பலகையை அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார். புற்றுநோய் என்ற சொல் அதில் இருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை. தவளக்குப்பம் தாண்டியதும், "நான் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவதான்டி. போர்டு படிக்கத் தெரியும்" என்றார்.

அம்மாவுக்கு வந்தது மார்பகப் புற்றுநோய். அந்த ஒன்றரை வருடத்தில் கற்றுக்கொண்டதை, இப்போதுதான் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். உங்கள் அம்மாவைப் பார்க்கும் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்

மற்ற எல்லா வேலைக்கும் முன்னால் இதுதான். மறைத்தால் என்ன ஆகும் என்றால், அம்மா கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவார். வலி, இரத்தக் கசிவு, பயம் எதையும் சொல்ல மாட்டார். கீமோ (புற்றுநோய்க்கு நரம்பில் ஏற்றும் மருந்து) எதற்குப் போடுகிறார்கள் என்று தெரியாமல் ஒரு மனுஷி எப்படி ஆறு மாதம் கையை நீட்டிக்கொண்டிருப்பார்? தன் உடம்பைப் பற்றித் தனக்கே தெரியாமல் சுற்றியுள்ள எல்லோருக்கும் தெரிந்திருப்பது அவருக்குப் பெரிய அவமானம். எங்கள் அம்மா நோயை மன்னித்தார். அந்த எட்டு நாளை மன்னிக்க ரொம்ப நாள் எடுத்துக்கொண்டார்.

சொல்லும் விதம் இருக்கிறது. வீட்டில் கூட்டம் இல்லாத நேரம் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் "டாக்டர் என்ன சொன்னார்னு எல்லாத்தையும் சொல்லட்டுமா, இல்ல முக்கியமானது மட்டும் போதுமா?" என்று கேளுங்கள். சில அம்மாக்கள் "நீங்களே பாத்துக்குங்க, எனக்கு விவரம் வேணாம்" என்பார்கள். அதுவும் அவர்கள் எடுத்த முடிவு, மதிக்க வேண்டும். எப்போது கேட்டாலும் சொல்வேன் என்பதை மட்டும் சொல்லி வையுங்கள். நோயின் பெயரைச் சொல்லுங்கள். "கேன்சர் கட்டிம்மா. ட்ரீட்மென்ட் இருக்கு. எவ்வளவு தூரம் இருக்குன்னு ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். தெரிஞ்சதும் உனக்குத்தான் முதல்ல சொல்வேன்." இதற்கு மேல் அன்றைக்கு வேண்டாம். "பொழைச்சுக்குவேனா?" என்று கேட்டால், தெரியாத ஒன்றுக்குச் சத்தியம் செய்யாதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாலே போதும்.

சொந்தக்காரர்களில் யாருக்கு எப்போது சொல்வது என்பதையும் அம்மாவே முடிவு செய்யட்டும். எங்கள் சித்தி ஒருவரை மட்டும் எல்லோருக்கும் பதில் சொல்லும் ஆளாக வைத்தோம். ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்து உட்கார்ந்து, "எங்க நாத்தனாருக்கும் இப்படித்தான், ஆறு மாசத்துல..." என்று ஆரம்பிப்பவர்களை வாசலோடு அனுப்புகிற தைரியம் வீட்டில் ஒருவருக்காவது வேண்டும்.

ஒரு ஃபைல், ஒரு நோட்டு

கடையில் ஒரு கெட்டியான ஃபைலும் 80 பக்க நோட்டும் வாங்குங்கள். ஃபைலில் முதல் தாளாக பயாப்சி ரிப்போர்ட். அப்புறம் தேதி வரிசையில் ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, டிஸ்சார்ஜ் சம்மரி. எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து, கூடப் போகக்கூடிய இன்னொருவர் போனிலும் வையுங்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

நோட்டில் இடப்பக்கம் நம் கேள்வி, வலப்பக்கம் டாக்டர் சொன்ன பதில். அறைக்குள் இருக்கும் ஐந்து நிமிடத்தில் பாதி காதில் ஏறாது, அதனால்தான் எழுத வேண்டும். முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை: என்ன வகைப் புற்றுநோய்? எந்த நிலை? சிகிச்சை முழுசாகக் குணமாக்கவா, கட்டுக்குள் வைக்கவா? அறுவை சிகிச்சை முதலிலா, கீமோ முதலிலா, ஏன்? மொத்தம் எத்தனை மாதம்? ராத்திரியில் ஏதாவது என்றால் யாரைக் கூப்பிடுவது? அம்மாவையும் ஒரு கேள்வி எழுதச் சொல்லுங்கள். எங்கள் அம்மாவின் முதல் கேள்வி, "மாடிப்படி ஏறலாமா?"

பயாப்சி பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டியை முதலில் பார்த்த ஒரு மருத்துவமனையில், "சாதாரணக் கொழுப்புக் கட்டி, நாளைக்கே கீறி எடுத்துடலாம்" என்றார்கள். ஊசிப் பரிசோதனை தேவையா என்று கேட்டதற்குச் சிரித்தார்கள். நர்ஸாக வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அக்கா தடுத்திராவிட்டால் ஒப்புக்கொண்டிருப்போம். சந்தேகமான கட்டியில் முதலில் ஊசி மூலம் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். புற்றுநோய் என்றால் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு அறுவை சிகிச்சை செய்வது நல்லதாக இருக்கலாம். தெரியாமல் கீறி எடுத்துவிட்டால் அந்தத் திட்டமே குழம்பிப்போகும். உடம்பிலிருந்து எதை எடுத்தாலும் அது பரிசோதனைக்குப் போக வேண்டும். "ஊசி குத்தினா பரவிடும், கத்தி பட்டா பரவிடும்" என்று ஊரில் சொல்வதை நம்பி நாள் கடத்தாதீர்கள்.

மார்பகப் புற்றுநோயில் முதல் ரிப்போர்ட் வந்த பிறகு ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 என்று மூன்று பரிசோதனை செய்வார்கள். முதல் இரண்டும் ஹார்மோனால் வளரும் கட்டியா என்று பார்ப்பது, மூன்றாவது ஹெர்2 என்ற புரதம் அதிகமா என்று பார்ப்பது. எந்த மருந்து என்பதே அதை வைத்துத்தான். வேறு மருத்துவமனைக்குப் போவதானால், பயாப்சி செய்த லேபில் சதைத் துணுக்கு வைத்த கண்ணாடி ஸ்லைடுகளையும், மெழுகில் பதித்த பிளாக்குகளையும் எழுத்துமூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புது இடத்தில் அதையே மறுபடி பார்க்கலாம், அம்மாவுக்கு இன்னொரு ஊசி மிச்சம். பிளாக்கை வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள், மெழுகு உருகும்.

எங்கே போவது

கடலூர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கோரிமேட்டில் உள்ள ஜிப்மர். மத்திய அரசு நிறுவனம், மண்டலப் புற்றுநோய் மையம் அங்கேயே இருக்கிறது. மருந்து, அறுவை, கதிர்வீச்சு மூன்றும் ஒரே வளாகத்தில் கிடைக்கும். கூட்டம் அதிகம், காத்திருக்க வேண்டும், அது உண்மை. தமிழக அரசின் புற்றுநோய் மருத்துவமனை காஞ்சிபுரம் காரப்பேட்டையில் இருக்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் 1954 முதல் நடக்கிறது. தனியாரும் உண்டு.

என் கருத்து, கதிர்வீச்சு தேவைப்படும் என்றால் தூரத்தைத்தான் முதலில் பாருங்கள். வாரத்தில் ஐந்து நாள், பல வாரம் போக வேண்டியிருக்கும். புகழ்பெற்ற இடம் என்று தொலைவில் சேர்த்துவிட்டு பாதியில் நிறுத்துவதைவிட, பக்கத்தில் முழுசாக முடிப்பது மேல். இன்னொரு டாக்டரின் கருத்து வேண்டுமானால் சிகிச்சை தொடங்குவதற்கு முன் ஒரு வாரத்துக்குள் வாங்குங்கள். மூன்று ஊர், ஐந்து டாக்டர் என்று மாதக்கணக்கில் அலைய வேண்டாம்.

ஜிப்மருக்குப் போகிறவர்கள் விடிவதற்கு முன் கிளம்புங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ் ஸ்டாண்டு 25 கி.மீ.க்குள்தான், ஆனால் அரியாங்குப்பம், முதலியார்பேட்டை நெரிசலில் காலை நேரம் கரைந்துவிடும். அங்கிருந்து கோரிமேட்டுக்கு இன்னொரு பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். எந்தத் துறைக்கு எந்தக் கிழமை என்று முதல் நாளே கேட்டு நோட்டில் எழுதுங்கள். மத்திய அரசு விடுமுறைப் பட்டியல்படி நடக்கும் இடம் என்பதால், நம் ஊரில் பள்ளிக்கூடம் இருக்கிற நாளில் அங்கே ஓ.பி. இல்லாமல் போகலாம். ஆதார், ரேஷன் கார்டு அசலும் நகலும், மடக்கு விசிறி, தண்ணீர், அம்மா உட்கார ஒரு பெட்ஷீட். கீமோ தொடங்கிய பிறகு போகும்போது பஸ்ஸாக இருந்தாலும், திரும்பும்போது மட்டுமாவது வண்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பெட் ஸ்கேனுக்கு (நோய் உடம்பில் எங்கெங்கே இருக்கிறது என்று பார்க்கும் ஸ்கேன்) எழுதினால், ஆறு மணி நேரமாவது வெறும் வயிறு, சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். முடிந்த பிறகு அன்று முழுக்கக் கைக்குழந்தையையும் கர்ப்பிணிகளையும் அம்மா பக்கத்தில் விடாதீர்கள். பேரனைத் தூக்க முடியாத வருத்தம் அம்மாவுக்கு வரும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பணம்

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள தமிழகக் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இல்லாவிட்டால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு, ரிப்போர்ட் வந்த வாரமே போங்கள். அம்மா பெயர் ரேஷன் கார்டில் இல்லாமலோ எழுத்து மாறியோ இருந்தால் அங்கேதான் சிக்கும். 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் 5 லட்சம் வரை தரும் ஆயுஷ்மான் திட்டம் 2024 அக்டோபரில் வந்தது. ஒரு மருத்துவமனை ஒரு சிகிச்சைக்குத் திட்டத்தில் இருந்து, இன்னொன்றுக்கு இல்லாமலும் இருக்கலாம். ஆகவே "கீமோவுக்கு உண்டா, கதிர்வீச்சுக்கு உண்டா" என்று தனித்தனியாகக் கேளுங்கள். அனுமதி வர நாளாகும், கீமோ தேதிக்கு முந்தின நாள் போய் நிற்காதீர்கள்.

மருந்தை வெளியில் வாங்கச் சொன்னால் கம்பெனி பெயரில் இல்லாமல் மூலப்பெயரில் எழுதித் தரச் சொல்லி இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வியாபார லாபம் 30 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2019ல் மத்திய அரசு வரம்பு வைத்தது. அப்படியும் கடைக்குக் கடை விலை மாறும். சென்னைக்கு ரயிலில் போகிறவர்கள் மருத்துவமனையில் சலுகைப் படிவம் வாங்கிக்கொள்ளலாம். ஸ்லீப்பரில் நோயாளிக்கு முழுச் சலுகை, கூடப் போகிறவருக்கு 75 சதவீதம்.

கீமோ நாட்கள்

பெரும்பாலும் 21 நாளுக்கு ஒரு முறை என்று தேதி தருவார்கள். முந்தின நாளோ அதற்கு முன்போ இரத்தம் கொடுத்து கவுண்ட் (இரத்த அணுக்களின் எண்ணிக்கை) பார்ப்பார்கள், குறைவாக இருந்தால் தள்ளிப்போடுவார்கள். அதற்கு வருத்தப்பட வேண்டாம், உடம்பு தயாராகட்டும் என்றுதான் தள்ளுகிறார்கள்.

முதல் முறை சிவப்பு மருந்து ஏற்றியபோது, சாயங்காலம் அம்மா பாத்ரூமிலிருந்து கத்தினார். சிறுநீர் சிவப்பாகப் போயிருந்தது. இரத்தம் என்று நடுங்கிவிட்டார். அது மருந்தின் நிறம், ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள். கீமோ முடிந்து இரண்டு நாள் கழிவறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றுங்கள். வாந்தி, துணி எடுப்பவர்கள் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு தராமல், சொன்ன நேரத்துக்குத் தாருங்கள். கூடவே வரும் ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறும், சர்க்கரை உள்ள அம்மாவுக்கு அந்த நாட்களில் அடிக்கடி பார்க்க வேண்டும்.

வெள்ளை அணுவைக் கூட்டும் ஊசியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் அது 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். நாங்கள் வாயகன்ற பிளாஸ்கில் ஐஸ் போட்டு, ஊசி டப்பாவைக் கைக்குட்டையில் சுற்றி மேலே வைத்துக் கடலூர் வரை மடியில் கொண்டுவந்தோம். ஐஸில் நேராகப் பட்டால் உறைந்து கெட்டுவிடும், அதற்குத்தான் துணி. வீட்டில் ஃப்ரீசர் வேண்டாம், கீழ்த்தட்டு. போட்ட பிறகு இடுப்பெலும்பு, முதுகு வலிக்கும், அது ஊசி வேலை செய்வதால்.

காய்ச்சல்

வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கீமோ போட்டு 7 முதல் 14 நாள் வரை வெள்ளை அணு ரொம்பக் குறைந்திருக்கும். அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் அவசரம். நடு ராத்திரி ஆனாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அம்மாவுக்கு இரண்டாவது கீமோ முடிந்து பதினொன்றாம் நாள் ராத்திரி 101 அடித்தது. பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போன் செய்தால், "பாராசிட்டமால் குடுத்துட்டு காலையில கூட்டிட்டு வாங்க" என்றார்கள். எங்கள் நோட்டின் முதல் அட்டையில் கீமோ வார்டு சிஸ்டர் தன் கையால் எழுதிக் கொடுத்திருந்தது: "காய்ச்சல் 100.4, உடனே வரவும், மாத்திரை போட்டுக் காத்திருக்க வேண்டாம்." அதை நம்பி வண்டி பிடித்தோம். கவுண்ட் அதலபாதாளத்தில் இருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள், ஐந்து நாள் வார்டில் இருந்தோம். காலைவரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், தயாராக ஒரு பை, ராத்திரியில் எடுக்கும் ஒரு டிரைவர் நம்பர், இல்லாவிட்டால் 108. அவசரப் பிரிவில் நுழைந்ததும் முதல் வாக்கியமாக "கீமோ போட்டிருக்கு, இன்னிக்கு இத்தனாவது நாள், காய்ச்சல்" என்று சொல்லுங்கள். வரிசையில் பின்னால் போகாமல் இருக்க அதுதான் வழி. மூச்சிரைப்பு, நிற்காத வாந்தி பேதி, ஈறில் இரத்தம், குழப்பமான பேச்சு இவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது.

சாப்பாடும் முடியும்

சர்க்கரையை நிறுத்து, பாலை நிறுத்து, மீன் கூடாது, முள்சீத்தா இலைக் கஷாயம் குடி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அம்மாவின் எடை குறையாமல் பார்ப்பதுதான் நம் வேலை. முட்டை, நன்றாக வெந்த மீன், பருப்பு, பனீர், அப்போது பிசைந்த தயிர்சாதம், எது இறங்குகிறதோ அது, கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை. சங்கரா மீன் குழம்புக்கு உயிரை விடுகிறவர், அது கொதிக்கும் வாசனைக்கே முகத்தைத் திருப்பினார். ஆறிய சாப்பாட்டில் வாசனை குறைவு, அது இறங்கியது. வெந்த உணவு, காய்ச்சி ஆறிய தண்ணீர், தோலுரித்த பழம் போதும். வாய்ப்புண்ணுக்கு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா கலந்து நாளுக்கு நான்கைந்து முறை கொப்பளிக்கலாம். சித்த மருந்தோ நாட்டு மருந்தோ கொடுப்பதானால் கீமோ டாக்டருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். சில கீமோவோடு சேர்ந்து ஈரலைக் கெடுக்கும்.

முடி இரண்டு மூன்று வாரத்தில் கொட்ட ஆரம்பிக்கும். தலையணையில் கொத்துக் கொத்தாகப் பார்ப்பதற்கு முன், அம்மா சம்மதித்தால் குட்டையாக வெட்டிவிடுங்கள். அம்மா வலிக்கு அழவில்லை, "இனிமே பூ எங்க வைப்பேன்" என்று அழுதார். சித்தி பழைய வாயல் சேலையைக் கிழித்துத் தலைக்கட்டு தைத்தார். வெள்ளிக்கிழமை அதன் பின்பக்கம் இரண்டு முழம் மல்லியை ஊக்கால் குத்திவிட்டார். அம்மா கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்தார். அதற்கப்புறம் கீமோவுக்கும் பூவோடுதான் போனார்.

திருவதிகைக்குப் போக வேண்டும் என்றும் கேட்டார். அப்பரின் சூலை நோய் தீர்ந்த கோயில் என்பார்கள். தடுக்காதீர்கள். கவுண்ட் ஏறியிருக்கும் மூன்றாவது வாரத்தில், கூட்டமில்லாத காலையில் கூட்டிப் போங்கள்.

அறுவை, கரண்ட்

அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால், அந்தப் பக்கக் கையில் ஊசி, இரத்த அழுத்தப் பட்டை வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். இறுக்கமான வளையலும் வேண்டாம். சொல்லித் தரும் கைப்பயிற்சியை விடாமல் செய்ய வேண்டும். ஊரில் கரண்ட் வைப்பது என்று சொல்லும் கதிர்வீச்சு, வைக்கும்போது வலிக்காது. தோல் கறுக்கும், எரியும், களைப்பு சேரும். மேலே போட்ட மார்க்கை அழிக்காதீர்கள், மஞ்சளோ எண்ணெயோ பவுடரோ டாக்டரைக் கேட்காமல் தடவாதீர்கள்.

வலி இருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். மார்ஃபின் மாத்திரை பழக்கமாகிவிடும் என்று பயந்து அம்மாவை ராத்திரி முழுக்க முனக விடுவது கொடுமை. டாக்டர் அளவாகத் தந்தால் அது பாதுகாப்பானது. நோய் முற்றி வீட்டில் வைத்துப் பார்க்கும் நிலை வந்தால், தமிழகத்தில் 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்பு சிகிச்சைக்கு வீட்டுக்கே வருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள்.

வீட்டில் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

எங்கள் வீட்டில் முதல் இரண்டு மாதம் எல்லாம் என் தலையில் விழுந்தது. ஒருநாள் கீமோ வார்டு வாசலிலேயே மயங்கினேன். அப்புறம்தான் பிரித்தோம். காப்பீடு, பணம், போன் எல்லாம் அண்ணன் சென்னையிலிருந்தே பார்த்தான். ராத்திரி மாத்திரை அப்பா பொறுப்பு. அதுவரை அடுப்பங்கரைப் பக்கமே வராத மனிதர், ஓட்ஸ் கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொண்டார். வாரத்தில் ஒரு நாள் சித்தி, எனக்கு அன்று லீவு. தூரத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் "எப்படி இருக்கீங்க" என்று கேட்கும் போனைவிட ஒரு வேலையை ஒப்படையுங்கள், அவர்களுக்கும் அது ஆறுதல்.

சிகிச்சை முடிந்த பிறகு

கடைசி கீமோ அன்று எல்லோரும் இனிப்பு கொடுப்பார்கள், அடுத்த வாரம் வீடு வெறிச்சென்று ஆகும். அப்போதுதான் அம்மாவுக்குப் பயம் அதிகமாக வரும், லேசான இருமலுக்கும் திரும்பி வந்துவிட்டதா என்பார். முதல் இரண்டு மூன்று வருடம் சில மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை இருக்கும். ஹார்மோன் மாத்திரை எழுதியிருந்தால் ஐந்து வருடமோ அதற்கு மேலோ தினமும் போட வேண்டும், உடம்பு நன்றாக இருக்கிறது என்று பாதியில் நிறுத்துவதுதான் பலர் செய்யும் தப்பு. மகள்களும் அம்மாவின் தங்கைகளும் தங்களுக்கு எந்த வயதில் என்ன பரிசோதனை வேண்டும் என்று அதே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நானும் சித்தியும் போனோம்.

இப்போது நோட்டு அம்மாவிடம் இருக்கிறது. அடுத்த தேதியையும் கேள்வியையும் அவரே எழுத்துக் கூட்டி எழுதுகிறார். போன முறை இடப்பக்கத்தில் இருந்தது, "பேத்தி கல்யாணத்துக்கு பஸ்ல மதுர வரைக்கும் போலாமா?" டாக்டர் வலப்பக்கத்தில் தன் பேனாவாலேயே "போகலாம்" என்று எழுதிக் கொடுத்தார்.